இடுப்புத் துப்பாக்கியின் டிரிகரும் சுத்தியலும்

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கி தரித்துச் செல்லும் தமிழர்களுக்கும், அதைச் சரிசெய்ய அவர்கள் தேடிப்போகும் துப்பாக்கிக் கம்மியர்களுக்கும்:

கைத்துப்பாக்கியின் டிரிகரைச் சரிசெய்வதில் இரண்டு வேலைகள் உண்டு. இழுப்பின் எடையைக் குறைப்பது ஒன்று, இழுப்பைச் சீராக்குவது மற்றொன்று. கடைக்கு வருகிறவர் வாய்விட்டுக் கேட்பது பெரும்பாலும் முதல் வேலையை. ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது வேலைதான். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில் தொடங்குகிற தவறு, சமயத்தில் தொடையில் பாய்ந்த குண்டாக முடிகிறது. (எச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்கு இந்தப் பேச்சே எழாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது.)

டிரிகரை இழுக்கும்போது விரல் சில கட்டங்களைக் கடக்கிறது. முதலில் எதிர்ப்பே இல்லாத வெற்று ஓட்டம். அடுத்து ஒரு சுவரில் முட்டியது போன்ற நிறுத்தம். அதன்பின் அழுத்தம் ஏற ஏற, உள்ளே உலோகத்தின் மேல் உலோகம் அரைபட்டு நகர்வது விரலுக்குத் தெரியும். பிறகு சுத்தியல் விடுபடும். விடுபட்ட பின்னும் டிரிகர் கொஞ்சம் பின்னால் போகும். விரலைத் தளர்த்தினால் ஒரு சிறு சொடுக்கோடு அடுத்த குண்டுக்குத் தயாராகும். இவற்றில் சுடுபவரைக் கெடுப்பது அரைபடும் கட்டம். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பிஞ்சு சட்டென்று ஒடியும், முற்றல் நாரோடு வளைந்து இழுபடும். நல்ல டிரிகர் பிஞ்சைப் போல ஒடிய வேண்டும். ஒடிவதற்கு எத்தனை பவுண்டு பிடித்தது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

எடையும் ஒரு பொருட்டுத்தான், அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. முழு அளவு 1911 ரகத் துப்பாக்கி தோட்டா இல்லாமல் சுமார் 1.1 கிலோ இருக்கும். அதன் டிரிகரை 5 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 2.3 கிலோவில் இழுத்தால், விரல் கொடுக்கும் அழுத்தம் துப்பாக்கியின் எடையைப் போல் இரண்டு மடங்கு. கோட்டுப் பையில் அடங்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரோ சுமார் 425 கிராம்தான். அதன் டிரிகர் கேட்பது ஏறக்குறைய 12 பவுண்டு, 5.4 கிலோ, தன் எடையைப் போல் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. அவ்வளவு அழுத்தத்தில் குழல் அசையாமல் இருப்பதற்குக் கையில் தனிப் பழக்கம் வேண்டும். சிறிய துப்பாக்கியை வாங்கியவர் குறி தவறுவதாகப் புலம்புவதில் பாதி இந்த விகிதத்தின் வேலை.

டிரிகர் வேலை என்றதும் கம்மியர்கள் முதலில் எடுத்துப் பேசுவது 1911-ஐத்தான். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த இதை அமெரிக்கத் தரைப்படை 1911 மார்ச் 29 அன்று ஏற்றது. பெரும்பாலான துப்பாக்கிகளின் டிரிகர் ஓர் அச்சில் ஊஞ்சல்போல் ஆடும். 1911-இன் டிரிகர் மேசை இழுப்பறைபோல் நேராகப் பின்னால் போகும். மேகசின் எனப்படும் தோட்டா உறையைச் சுற்றி இருபுறமும் ஓடும் மெல்லிய வளையம் ஒன்று அதன் வால். அந்த வளையம் டிஸ்கனெக்டர் என்ற சிறு துண்டைத் தள்ள, அது சியரைத் தள்ளும். சியரின் நுனி, பின்னிழுத்து நிறுத்திய சுத்தியலின் அடியில் உள்ள கொக்கிகளில் மாட்டியிருக்கும். நுனி நழுவியதும், கைப்பிடியின் பின்பக்கத்தில் சுருண்டிருக்கும் பெரிய ஸ்பிரிங் சுத்தியலை முன்னால் வீசும், சுத்தியல் ஊசியைத் தட்டும், ஊசி பிரைமரைக் குத்தும். இதற்கெல்லாம் பின்னால் மூன்று விரல் கொண்ட ஒரு தகட்டு ஸ்பிரிங் நிற்கிறது. இடது விரல் சியரைப் பிடிக்கிறது, நடு விரல் டிஸ்கனெக்டரையும் டிரிகரையும் முன்னால் தள்ளுகிறது, வலது விரல் கைப்பிடிச் சேஃப்டிக்கானது.

கொக்கிகளின் உயரம் சரிசெய்யப்பட்ட துப்பாக்கியில் சுமார் அரை மில்லிமீட்டர். ஐந்தாறு தாள்களை அடுக்கினால் வரும் தடிமன் அது. சுத்தியல் விழாமல் நிற்பது இந்த அரை மில்லிமீட்டரை நம்பித்தான். அதை ராவிக் குறைத்தால் அரைபடும் தூரம் குறையும், இழுப்பு இனிமையாகும். குறைக்கும் ஒவ்வொரு இழையும் பாதுகாப்பிலிருந்து எடுத்த இழை என்பதையும் கம்மியர் அறிந்திருக்க வேண்டும்.

நுனியும் கொக்கியும் சந்திக்கும் கோணம் அதைவிட நுட்பமானது. தோட்டா இல்லாத துப்பாக்கியில், சுத்தியலைப் பின்னிழுத்து, டிரிகரை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே சுத்தியலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோணம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். விழுவதற்கு முன் சுத்தியல் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்தால், கொக்கி நுனியை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள். இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கு இதுவே வேண்டும். அசையாமல் நின்று விழுந்தால் நடுநிலை. அழுத்தத்தில் முன்னால் ஊர்ந்தால் கோணம் தலைகீழாகிவிட்டது, அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றக் கூடாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, சாணைக்கல்லைக் கையில் பிடித்து இந்தக் கோணத்தைத் தேய்ப்பவர்கள் இன்றும் உண்டு. பிடிச்சட்டமும் உருப்பெருக்கியும் இல்லாமல் கை நேராக நிற்காது. மேலும், மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட பாகமாக இருந்தால், தேய்க்கத் தேய்க்கத் தோல் போய் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் வெளியே வரும். முதல் வாரம் இழுப்பு வெண்ணெய்போல் இருக்கும், பிறகு தேய்மானம் தன் போக்கில் வேலையைத் தொடரும். பாகங்களை நல்ல கருவி எஃகில் செய்தவையாக வாங்கி மாற்றுவது செலவானாலும் நேர்மையான வழி.

குறுக்குவழிகளில் மலிவானது தகட்டு ஸ்பிரிங்கின் இடது விரலைக் கொஞ்சம் வளைத்துவிடுவது. இரண்டே நிமிடத்தில் ஒரு பவுண்டு குறைந்துவிடும், அதனால்தான் இவ்வளவு பேர் செய்கிறார்கள். ஆனால் அந்த விரலின் வேலை இழுப்புக்கு எதிர்ப்புக் கொடுப்பது மட்டுமல்ல. ஸ்லைடு பின்னால் போய் வரும் நொடியில், சியரைத் திரும்பக் கொக்கிக்குள் தள்ளி வைப்பதும் அதுவே. அது சோர்ந்தால் சியர் சரியாக மாட்டாது, சுத்தியல் ஸ்லைடைத் தொடர்ந்து விழும். நல்வாய்ப்பாக, சுத்தியலைப் பாதி வழியில் பிடிக்கும் அரைக்காக் பல்லில் மாட்டி நிற்கலாம், அல்லது இன்னொரு குண்டு வெடிக்கலாம். டிரிகரை ஒரு முறை இயக்கியதற்கு ஒன்றுக்கு மேல் சுடும் ஆயுதத்தை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி என்று வரையறுக்கிறது. அந்த நிலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பழுது என்று விளக்கிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல.

டிரிகரின் சொந்த எடையும் இதில் சேரும். தோட்டா உறையில்லாமல் ஸ்லைடைத் தடாலென்று முன்னால் விட்டால், சட்டகம் முன்னோக்கி உதறப்படும், டிரிகர் தன் நிலையிலேயே பின்தங்கும். பின்தங்கிய டிரிகர் சியரை இடிக்கும். குறி சுடும் போட்டிக்காரர்களில் பழையவர்கள் ஸ்லைடை விடும்போது டிரிகரைப் பின்னால் பிடித்துக்கொள்வது இதனால்தான். அந்தப் பழக்கம் சுடுதளத்தில் குழல் இலக்கை நோக்கியிருக்கும்போது மட்டும் பொருந்தும். இடுப்பில் தரிப்பவரின் துப்பாக்கிக்கு அந்தப் பழக்கம் தேவைப்பட்டால் அதன் டிரிகர் வேலை மிஞ்சிப் போய்விட்டது என்று பொருள். இன்றைய 1911-களில் டிரிகர் அலுமினியத்தில் துளைகளோடு வருவது அழகுக்கு மட்டுமல்ல. எடை குறைந்த டிரிகர் அதிர்ச்சியில் குறைவாகவே இடிக்கும்.

இதே விதி சுத்தியலே இல்லாத துப்பாக்கியிலும் செயல்பட்டது. சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட சாய்வில், ஸ்லைடின் பின்முனை தரையில் பட விழுந்தால் வெடிப்பதாகச் சோதித்தவர்கள் காட்டினர். துப்பாக்கி தரையில் பட்டு நின்றுவிட, கனமான டிரிகர் விழுந்த திசையிலேயே தொடர்ந்து ஓடியது. விரலே இல்லாமல் டிரிகர் இழுபட்டது. 2017 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த மாற்றத்தில் எடை குறைந்த டிரிகரும் ஓர் அங்கம். டிரிகர் என்ற துண்டின் எடையைக் குறைப்பதும், இழுப்பின் எடையைக் குறைப்பதும் எவ்வளவு வேறானவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முன்னது துப்பாக்கியைப் பத்திரமாக்கியது.

கீழே விழுந்து வெடிப்பதைத் தடுக்கத்தான் கோல்ட் நிறுவனம் 1983-இல் சீரிஸ் 80-ஐக் கொண்டுவந்தது. டிரிகரை முழுதாக இழுத்தாலன்றி ஊசி நகராதபடி ஸ்லைடுக்குள் ஒரு தடை, அதைத் தூக்க சட்டகத்தில் இரண்டு சிறு நெம்புகோல்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நெம்புகோல்கள் இழுப்பைக் கெடுக்கின்றன என்ற புகார் ஓயவில்லை. மணல் நெருடுவதுபோல் இருக்கும் சீரிஸ் 80 டிரிகர்கள் உண்டுதான். ஆனால் நெம்புகோலும் தடையும் தொடும் முகங்களை மெருகிட்டால் அந்த நெருடலில் பெரும்பகுதி போய்விடும். கழற்றி வீசிவிட்டு இடைவெளியை நிரப்பத் தகடு வைக்கும் வேலையை இடுப்புத் துப்பாக்கியில் எந்தக் கம்மியரும் ஏற்காமலிருப்பது நல்லது. பிரௌனிங் ஹை பவரின் கதையும் இதேதான். தோட்டா உறை கழன்றிருந்தால் சுடாதபடி அதில் ஒரு தடை உண்டு. அதன் சிறு முளை, இழுக்கும்போதெல்லாம் தோட்டா உறையின் முன்முகத்தில் உராய்ந்து டிரிகரைச் சொரசொரப்பாக்குகிறது. பலர் முளையையே எடுத்துவிடுகிறார்கள். முளையின் தலையையும் உறையின் முகத்தையும் மெருகிட்டாலே பாதித் துன்பம் தீரும். தயாரிப்பாளர் வைத்த பாதுகாப்பு ஒன்றைக் கழற்றியவர், பின்னாளில் நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படும் கேள்விக்கே பதில் தேட வேண்டியிருக்கும்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்? அமெரிக்கப் படையின் பழைய கையேடுகள், 1911-இன் பிந்தைய வடிவமான 1911ஏ1-க்கு 5 முதல் 6.5 பவுண்டு என்றன. குறி சுடும் போட்டிகளில் .45 துப்பாக்கிக்கு 3.5 பவுண்டு கீழ்வரம்பு, படைத்துப்பாக்கிப் போட்டியில் 4 பவுண்டு. காகித இலக்கின் முன், சுற்றிலும் கட்டுப்பாடு உள்ள இடத்துக்கு வகுத்த எண்கள் அவை. பயத்தில் கை நடுங்கும்போது, குளிரில் விரல் மரத்துப்போகும்போது, விரலுக்கு நுண்ணுணர்வு போய்விடும். அந்த நிலையில் 3 பவுண்டு என்பது விரல் உணர்வதற்கு முன்பே முடிந்துபோகும் எடை. 1911-இல் நாலரைக்குக் கீழே இறங்க ஒரு காரணமும் இல்லை என்பதே இம்மடலின் கருத்து. அந்த எடையில் சுத்தமாக ஒடியும் டிரிகரைச் சுட்டவர், எடை காட்டியைப் பார்க்காதவரை அதை மூன்றரை என்றே சொல்வார்.

கனத்தைக் கூட்டுவதிலும் ஒரு தலைகீழ்ப் பாடம் உண்டு. நியூயார்க் காவல் துறை 1993-இல் ரிவால்வரிலிருந்து தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, சுமார் 5.5 பவுண்டில் வரும் கிளாக் டிரிகரை அப்படியே ஏற்கவில்லை. காவலர்கள் பழகிய ரிவால்வரின் கனமான நீண்ட இழுப்பு இருந்தால் தவறுதலாகச் சுடுவது குறையும் என்று எண்ணி, பின்னர் 12 பவுண்டு வரை கொண்டுபோனது. அந்த ஸ்பிரிங்குக்கு நியூயார்க் டிரிகர் என்றே பெயர். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் இரண்டு காவலர்கள் 16 குண்டுகள் சுட்டார்கள். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தனர், அத்தனை காயமும் காவலர்களின் குண்டாலும் சிதறலாலும் வந்தவை. கூட்டமும் நெருக்கமும் அவசரமும் அதில் பங்கு வகித்தன, டிரிகரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனாலும் அந்த எடையைப் பற்றிய விவாதம் அதன்பின் கூர்மையானது. 2021-இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு இளகிய டிரிகர் தர அந்தத் துறை முன்வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விற்பனைக்கு வரும் துப்பாக்கிகளில் காணும் 10 பவுண்டு டிரிகருக்குக் காரணம் வேறு. ஐந்து வயதுக் குழந்தையின் கை இழுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதி அது. அதை இளக்க நினைப்பவர், வீட்டில் அந்த வயதில் யாராவது இருக்கிறார்களா என்பதையும் கணக்கில் வைப்பது முறை.

சுத்தியலுக்கு வருவோம். 1911-இன் முதல் வடிவில் சுத்தியலின் வால் நீளம், கைப்பிடிச் சேஃப்டியின் வாலோ குட்டை. சதைப்பிடிப்பான கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோலைச் சுத்தியல் ஒவ்வொரு சுடலிலும் கிள்ளி எடுக்கும். 1920களில் வந்த 1911ஏ1 மாற்றங்களில் சேஃப்டியின் வால் நீண்டது, டிரிகர் குட்டையானது, டிரிகருக்குப் பின்னால் சட்டகத்தில் விரலுக்கு இடம் குடையப்பட்டது. பின்னாளில் கோல்ட் கமாண்டர் வட்டமான, நடுவில் துளையிட்ட சுத்தியலோடு வந்தது. அந்தத் துளைச் சுத்தியல் சட்டையிலும் கோட்டு உள்துணியிலும் மாட்டாது, தோலைக் கிள்ளுவதும் குறைவு. எடை குறைந்ததால் விடுபட்ட பின் வேகமாகவும் போய்ச் சேரும். அகன்ற வாலுள்ள கைப்பிடிச் சேஃப்டியோடு அதை இணைப்பது, இடுப்புத் துப்பாக்கியில் செய்யக்கூடிய மாற்றங்களில் பாதகம் மிகக் குறைந்தது. ஒரே நிபந்தனை: சுத்தியலை மாற்றினால் சியரையும் இணையாக மாற்றிப் பொருத்த வேண்டும். ஒன்றின் கொக்கியும் மற்றொன்றின் நுனியும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை.

ரிவால்வரில் சுத்தியலின் வாலையே அறுத்துவிடுவது பழைய வழக்கம். கோல்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் 1920களிலேயே அப்படி அறுத்த ரிவால்வர்களைச் செய்து கொடுத்தார். கூடவே டிரிகரைக் காக்கும் வளையத்தின் முன்பாதியையும் வெட்டினார். முதல் மாற்றம் இன்றும் புத்திசாலித்தனமானது, இரண்டாவதை இன்று யாரும் பின்பற்றாதது நல்லது. 1952-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சென்டென்னியலில் சுத்தியலைச் சட்டகத்துக்குள்ளேயே மறைத்தது. மேலே சொன்ன 642 அந்த வழிவந்தது. வால் இல்லாத சுத்தியலில் இன்னொரு நன்மை, பெருவிரலால் அதைப் பின்னிழுக்க முடியாது. பின்னிழுத்த ரிவால்வரின் டிரிகர் மூன்று நான்கு பவுண்டில் விடுபடும். நடுங்கும் கையில், எதிரே ஒருவரை நிறுத்தி வைத்திருக்கும்போது அது விபரீதம். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் காவல் துறைகள் தங்கள் ரிவால்வர்களை, சுத்தியல் பின்னால் நிற்கவே முடியாத வகையாக மாற்றிக்கொண்டது இதை உணர்ந்துதான்.

ரிவால்வரிலும் பெரெட்டா 92 போன்ற இரட்டைச் செயல் துப்பாக்கிகளிலும், சுத்தியலின் ஸ்பிரிங்தான் இழுப்பின் கனத்துக்கு முதல் காரணம். டிரிகரை இழுக்கும் அதே விரல் அந்த ஸ்பிரிங்கையும் அமுக்க வேண்டியிருக்கிறது. அதனால் மெல்லிய ஸ்பிரிங் போட்டால் பலன் உடனே தெரியும். பெரெட்டாவுக்கு அதன் 92டி வகையின் ஸ்பிரிங்கைப் போடுவது பெயர்பெற்ற, அடக்கமான மாற்றம், தொழிற்சாலையே செய்த பாகம். அதற்குக் கீழே போகப்போக சுத்தியலின் அடி பலவீனமாகும். பிரைமர்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஃபெடரல் பிரைமர் மென்மையானது, சிசிஐ கடினமானது. போட்டிக்குப் போகிறவர் தோட்டாவைத் தானே அடைத்து மென்மையான பிரைமரைப் போட்டுக்கொள்வார். இடுப்பில் தரிப்பவர் கடையில் கிடைத்த பெட்டியை நம்பியிருக்கிறார். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் கைப்பிடி முன்விளிம்பில் தகட்டு ஸ்பிரிங்கை அழுத்தும் திருகாணி ஒன்று உண்டு. அதை ஒரு சுற்றுத் தளர்த்தினால் இழுப்பு இளகும், கூடவே ‘க்ளிக்’ என்ற வெற்று ஓசையும் வந்து சேரும். வெடிக்க வேண்டிய நேரத்தில் வரும் அந்த ஓசைக்கு ஈடாக எந்த இளக்கமும் போதாது. 1911-இல் வழக்கமான 23 பவுண்டு சுத்தியல் ஸ்பிரிங்கைக் குறைத்தால் இன்னொன்றும் நடக்கும். ஸ்லைடு பின்னால் போகும்போது சுத்தியலை மடக்கச் செலவிடும் சக்தி குறைவதால், அது முன்னைவிட வேகமாகப் பின்னால் அறையும்.

டிரிகர் விடுபட்ட பின் ஓடும் மிகை தூரத்தை நிறுத்த 1911 டிரிகரின் முகத்தில் ஒரு நுண்திருகாணி வைக்கிறார்கள். அளவுக்கு மேல் உள்ளே திருகினால், விழும் சுத்தியலின் அரைக்காக் பல் சியரின் நுனியைச் சுரண்டிக்கொண்டு போகும். தானாகவே நகர்ந்தால் ஒரு நாள் சுடாமலே நின்றுவிடும். இடுப்புத் துப்பாக்கியில் அதைச் சற்றுத் தளர்வாக வைத்து, பூட்டுப் பசையால் அசையாமல் நிறுத்த வேண்டும்.

வேலை முடிந்து திரும்பி வந்த துப்பாக்கியை உறையில் செருகுமுன் சில சோதனைகள் உண்டு. துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா ஒன்றும் இல்லை என்பதை இரு முறை பார்த்துவிட்டு, சுத்தியலைப் பின்னிழுத்து, பெருவிரல் சேஃப்டியைப் போட்டு, டிரிகரை வழக்கத்தைவிட அழுத்தமாக இழுத்து விட வேண்டும். பிறகு சேஃப்டியை இறக்கி, துப்பாக்கியைக் காதருகே வைத்து, சுத்தியலைப் பெருவிரலால் மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். சத்தமே வரக்கூடாது. மெல்லிய ‘டிக்’ கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்து, இப்போதுதான் கொக்கிக்குத் திரும்புகிறது என்று பொருள். அந்தச் சேஃப்டி சரியாகப் பொருந்தவில்லை. கைப்பிடிச் சேஃப்டியையும் இதே முறையில் கேட்டுப் பார்க்கலாம். பிறகு சுத்தியல் பின்னால் நிற்கும்போது பெருவிரலால் அதை முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது.

அதன்பின் சுடுதளம். முதலில் தோட்டா உறையில் இரண்டே தோட்டா போட்டுச் சுட வேண்டும். இரட்டையாக வெடித்தாலும் அதோடு நின்றுவிடும். அது தேறினால், தினமும் தரிக்கும் அதே ரகத் தோட்டாவில் குறைந்தது இருநூறு சுட வேண்டும். ஒன்று வெடிக்காமல் போனாலும், அந்தத் தோட்டாவின் பிரைமரில் ஊசி பதித்த குழியை மற்றவற்றோடு ஒப்பிட்டால் காரணம் தெரியும். ஆழமற்ற குழி என்றால் ஸ்பிரிங்கைத் திரும்பப் பழையதாக்க வேண்டும்.

இழுப்பின் எடையை எடை காட்டியில் பத்து முறை அளந்து சராசரியைத் தேதியோடு குறித்து வைப்பது கம்மியரின் வேலை, அந்தக் குறிப்பை வாங்கிக்கொள்வது வாடிக்கையாளரின் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளந்தால் போதும். யாரும் கை வைக்காமலே நாலரை பவுண்டு மூன்றே முக்காலாக இறங்கியிருந்தால் கொக்கி தேய்ந்துகொண்டிருக்கிறது. சியரும் சுத்தியலும் மாற்றப்படும்வரை அந்தத் துப்பாக்கி தோட்டா இல்லாமல் பெட்டியில் இருக்க வேண்டும்.